ஹெட்லைட் போட்டால் ஐடிலிங் இறங்குகிறது, இறக்கத்தில் ஆஃப் ஆகிறது: 2008 ஆல்ட்டோ

கேத்திபாலாடா

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊட்டிப் பக்கம் கேரட் போடுகிறவன். வண்டி 2008 ஆல்ட்டோ, 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, எனக்கு இரண்டாவது கை. அறுவடை நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் அதற்கு முன்பே பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆக, என் வண்டி பெரும்பாலும் குளிரிலும் இருட்டிலும்தான் ஓடுகிறது.

காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. எடுத்ததும் ஒழுங்காக நிற்கும். ஹெட்லைட் போட்டால் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றுகிற வேகம்) ஒரு படி இறங்கும். வைப்பரும் புளோயரும் சேர்ந்துவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும், டேஷ்போர்டு விளக்கு மங்கும், சில நாள் ஆஃப் ஆகிவிடும். நன்றாகச் சூடான பிறகு வேறு கூத்து. ஊட்டி சேரிங் கிராஸில் நிற்கும்போது, நான் காலையே வைக்காமல், வண்டி தானாக ரேஸ் ஏறி இறங்குகிறது. வூம்... வூம்... என்று, மூச்சு வாங்குவது மாதிரி. வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் இல்லை, காதில் கேட்பதைச் சொல்கிறேன்.

போன வாரம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினேன். பர்லியாருக்கு மேலே பனிமூட்டம். எல்லா விளக்கும் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்தேன், எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்ததும் பெடல் கல்லாகிவிட்டது. பின்னால் பேருந்து. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டினேன், கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

இதுவரை செய்தவை: பேட்டரி மாற்றி நாலு மாதம். பிளக் மூன்றும் புதிது, ஏர் ஃபில்டரும் புதிது. த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் காற்று போகிற வாய்) இரண்டு தடவை கழுவியாகிவிட்டது. ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகிப்போய் ஒரே வருடத்தில் இரண்டு மாற்றினேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் டைனமோ போச்சு என்கிறார்கள். இன்னோர் இடத்தில் ஐடிலிங் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மூன்றாவது ஆள் சொன்னது: "இந்த உயரத்துக்கு எல்லா வண்டியும் இப்படித்தான் சார்." பன்னிரண்டாயிரம் கரைந்துவிட்டது. இனி எதை மாற்றட்டும்?

கூடலூர்மழை

பெட்ரோலைப் பாருங்கள் நண்பரே. இப்போது வருவது 20 சதம் எத்தனால் கலந்தது, உங்கள் வண்டி அதற்காகச் செய்ததல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். டேங்கில் தண்ணீர் தங்கியிருக்கும்.

ஒயர்மேன்

தண்ணீர் இருந்தால் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மிஸ்ஸிங் அடிக்கும் தம்பி. இவர் விளக்கைப் போட்டால் இறங்குகிறது என்கிறார். வண்டி தன் வாயால் சொல்வதை முதலில் கேட்போம்.

கேத்தி அண்ணா, எதையும் மாற்றாதீர்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறதா? முந்நூறு ரூபாய் மஞ்சள் மீட்டர் போதும். இல்லையென்றால் வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். நான் மேட்டுப்பாளையத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்கிறவன், இருபது வருடமாக மலை வண்டிகளைப் பார்க்கிறேன்.

கொடைஜீப்

அந்த "இந்த உயரத்துக்கு இப்படித்தான்" என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மலையில் எந்த மெக்கானிக்கும் கைகழுவ வேண்டுமென்றால் இதைத்தான் சொல்கிறார்.

ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்பங்கு குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. எஞ்சினுக்கும் அதே கதைதான். உறிஞ்சுகிற காற்று மெலிவு. என் ஜீப் கார்பரேட்டர் வண்டி. ஜெட்டின் துவாரம் மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என்று மாறாது. வத்தலக்குண்டில் நன்றாக ஓடுகிற வண்டி பெருமாள்மலை தாண்டினால் கரும்புகை தள்ளும், பிளக்கில் கரி அடையும். மிக்சர் ஸ்குரூவை அரைச் சுற்று உள்ளே விட்டால்தான் ஐடிலிங் நிற்கும். கீழே போனால் திரும்ப வெளியே. எனக்கு அது பல் துலக்குவது மாதிரி பழகிவிட்டது.

உங்களுடையது எம்பிஎஃப்ஐ, கார்பரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கிற வகை. மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்) அழுத்தத்தை சென்சார் அளக்கிறது, ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர் அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. உயரம் மட்டும் காரணமாக ஐடிலிங் ஆடக் கூடாது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஊட்டியில் எஞ்சினின் பலம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. சமவெளியில் சத்தம் காட்டாமல் தாங்கிக்கொள்கிற சின்னக் கோளாறு இங்கே வண்டியை நிறுத்திவிடும். உயரம் நோயைக் கொண்டுவராது, இருக்கிற நோயைக் காட்டிக்கொடுக்கும்.

யாராவது வேக்யூம் கேஜ் (எஞ்சினின் உறிஞ்சலை அளக்கிற மீட்டர்) மாட்டினால் இதையும் நினைவில் வையுங்கள்: சமவெளியில் ஐடிலிங்கில் 18 முதல் 21 அங்குலம் காட்டும். ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் கழிக்க வேண்டும். ஊட்டியில் 11 முதல் 14 வந்தாலே எஞ்சின் நலம். 18 வரவில்லை என்று நல்ல எஞ்சினின் ஹெட்டைப் பிரித்த ஆளை எனக்குத் தெரியும்.

தேயிலைத்தூள்

கோத்தகிரியிலிருந்து. பிரேக் கல்லானதைப் பற்றி யாருமே பேசவில்லையே? வண்டி ஓடுவது அப்புறம், நிற்பதுதான் முதலில்.

அண்ணா, பிரேக் பூஸ்டர் வேலை செய்வதே எஞ்சினின் உறிஞ்சலால்தான். எஞ்சின் நின்றால் பூஸ்டருக்குள் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். கொடைஜீப் ஐயா சொன்ன கணக்குப்படி நம் உயரத்தில் அந்த மிச்சமும் குறைவு. அடுத்த முறை இப்படி ஆனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரில் இருந்தால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், உறிஞ்சல் திரும்பிவிடும், பாதி நேரம் எஞ்சினே எடுத்துக்கொள்ளும். சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. வண்டியை நிறுத்தி, பெடலை நாலைந்து தடவை அழுத்தி, அழுத்திய காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஓர் அங்குலமாவது தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ கசிவு. அந்தக் கசிவே ஐடிலிங்கையும் கெடுக்கும்.

அப்புறம் ஒரு சந்தேகம். வருடத்துக்கு இரண்டு ஆக்ஸிலேட்டர் கேபிள் என்கிறீர்கள். என் மாருதி வேனில் பத்து வருடமாக ஒரே கேபிள்தான். அது எதனால் இறுகியது என்று யாராவது சொன்னார்களா?

ஒயர்மேன்

அக்கா, கண்ணைத் திறந்துவிட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

கேத்தி அண்ணா, கழற்றிய பழைய கேபிள் இருக்கிறதா? இருந்தால் அதன் கறுப்பு உறை எங்கே இளகியிருக்கிறது என்று பாருங்கள். என் ஊகத்தை இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் அதையே தேடுவீர்கள்.

மீட்டர் வந்ததும் இவற்றை அளந்து போடுங்கள். பியூயல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சுற்றும், நிதானமாகப் பார்க்கலாம். மீட்டர் 20 வோல்ட் டிசியில் இருக்கட்டும். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி, சுற்றும்போதே படிக்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே. பிறகு பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்புக்கு. அடுத்து நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கு. கடைசியாக பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரில் தடித்த ஒயர் ஏறுகிற போல்ட்டுக்கு. மீட்டர் ஊசியை கிளாம்ப்பில் வைக்காதீர்கள், பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள்.

கூடலூர்மழை

எஞ்சின் எர்த்தும் பேட்டரி நெகட்டிவும் ஒன்றுதானே? அவற்றுக்கு நடுவே என்ன வோல்ட் வரும், பூஜ்யம்தானே?

ஒயர்மேன்

வர வேண்டியது பூஜ்யம். நல்ல வண்டியில் செல்ஃப் சுற்றும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும், அரை வோல்ட்டைத் தொட்டால் சந்தேகம்தான். ஓட்டமே இல்லாத நேரத்தில் ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் பீப் அடித்து நல்லது என்றுதான் சொல்லும். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அறுந்துபோகிற கயிற்றைச் சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் தெரியுமா, வாளியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

மீட்டர் வரும்வரை ஒரு கணக்கு. ஹெட்லைட் லோ பீம் 55 வாட் இரண்டு, 110. புளோயர் முழு வேகத்தில் நூற்றுச் சொச்சம். வைப்பர், பின் விளக்கு, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்த்தால் 350 வாட்டைத் தொடும். டைனமோ ஐடிலிங்கில் தன் முழுத் திறனில் பாதி தந்தாலே பெரிது. கொடுக்கிற ஒவ்வொரு வாட்டுக்கும் எஞ்சினிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு வாட் பிடுங்கும். ஆக 700 வாட், ஒரு குதிரைத்திறன். 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர், மெலிந்த காற்று, ஐடிலிங் வேகம். அந்த ஒரு குதிரை பெரிய குதிரை. ஈசியூ ஐடிலிங் மோட்டாரைக் கொஞ்சம் திறந்து காற்றைக் கூட்டித்தான் சமாளிக்கிறது. அந்த மோட்டாருக்கே கரண்ட் ஒழுங்காக வராவிட்டால்?

பழையடெப்போ

மூடுபனிக் காலம் என்பதால் பிளக் ஒயரையும் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால் ஒயர் மேல் மெல்லத் தெளித்தால், ஒழுகுகிற இடத்தில் நீலப்பொறி ஓடும். பார்க்க அழகாகவே இருக்கும். கையை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

எலிக் கடியையும் மறக்க வேண்டாம். குளிர் காலத்தில் சூடான எஞ்சின்தான் அவற்றுக்கு வீடு.

கேத்திபாலாடா

மீட்டர் வாங்கிவிட்டேன். ராத்திரி பழையடெப்போ சொன்னபடி தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். பொறி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஊரே எழுந்ததுதான் மிச்சம். எலி இருந்திருக்கிறது, ஏர் ஃபில்டர் டப்பாவுக்குப் பின்னால் பஞ்சும் கேரட் துண்டும் கிடந்தது. ஒயர் எதுவும் கடிபடவில்லை.

காலை ஐந்தரைக்கு அளந்தேன். புல்லெல்லாம் வெள்ளை, உறைபனி. மச்சான் செல்ஃப் அடித்தான், நான் படித்தேன்.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.5. சுற்றும்போது பேட்டரி முனைகளுக்கு நடுவே 10.6. நெகட்டிவிலிருந்து பாடி 0.05. பாசிட்டிவிலிருந்து செல்ஃப் போல்ட் 0.3. நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக் 2.9.

நான் தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை பார்த்தேன். 2.9, 2.8, 2.9.

ஸ்டார்ட் செய்து ஹெட்லைட்டையும் போட்டுப் பார்த்தேன். டைனமோவின் பின்புற போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 14.0. அதே நேரம் பேட்டரியில் 13.2.

பழைய கேபிள் ஒன்று ஷெட்டில் கிடந்தது. பயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடு) துளைக்குள் நுழைகிற இடத்தில் கறுப்பு உறை பளபளவென்று இளகி, உள்ளே கம்பியோடு ஒட்டியிருக்கிறது. மெழுகுவத்தி உருகினது மாதிரி. வண்டியில் இப்போது இருக்கிற கேபிளையும் தொட்டுப் பார்த்தேன். ஐந்து தடவை செல்ஃப் அடித்த பிறகு அந்த இடம் சூடாக இருந்தது. எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகவில்லை, ஆனால் ஆக்ஸிலேட்டர் கேபிள் சூடு!

ஒயர்மேன்

வந்துவிட்டது பாருங்கள்.

செல்ஃப் மோட்டார் குடிக்கிற கரண்ட் எஞ்சின் உடம்பு வழியாகத்தான் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். அந்த எர்த் ஒயர் செத்துவிட்டது. கரண்ட் சும்மா இருக்குமா? எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற வேறு உலோகம் எது என்று தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். நூறு ஆம்பியர் போகிற பாதையா அது? சூடேறி உறை உருகுகிறது, கேபிள் இறுகுகிறது. நீங்கள் புதிது மாட்டுகிறீர்கள், அதையும் உருக்குகிறது.

கணக்கையும் பாருங்கள். பேட்டரி தருவது 10.6. அதில் எர்த்தில் 2.9, பாசிட்டிவில் 0.3 போய்விட்டால் செல்ஃபுக்குக் கிடைப்பது 7.4. இழுத்து இழுத்து எடுக்காமல் என்ன செய்யும்? பேட்டரியைப் புதிதாக மாற்றியும் தீராததற்கு அதுதான் காரணம்.

டைனமோவில் 14.0, பேட்டரியில் 13.2. டைனமோ நன்றாகச் சமைக்கிறது, பந்திக்கு வரும் வழியில் சிந்துகிறது. நல்லவேளை, அதை மாற்றவில்லை.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள், மறுமுனையை எஞ்சினைத் தூக்க வைத்திருக்கிற கொக்கியில் மாட்டுங்கள். நெகட்டிவ்தான், மாற்றி மாட்டிவிடாதீர்கள். அப்புறம் செல்ஃப் அடியுங்கள்.

கேத்திபாலாடா

அடித்தேன். சாவியைத் திருப்பிய கையை எடுக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டது. மச்சான் "இது நம்ம வண்டிதானா?" என்று கேட்டான். ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டேன். லேசாக ஒரு தாழ்வு, உடனே நிமிர்ந்துவிட்டது.

நான்கு வருடத்தில் ஒருத்தராவது இந்த ஒயரைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

தேயிலைத்தூள்

எர்த் ஒயரைக் கழற்றிப் படம் போடுங்கள் அண்ணா, பார்க்க ஆசையாக இருக்கிறது.

கேத்திபாலாடா

படம் ஏற மாட்டேன் என்கிறது, எழுதியே சொல்கிறேன். கியர்பாக்ஸ் மேலே, பேட்டரித் தட்டுக்குக் கீழே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். 12 நம்பர் ஸ்பேனரில் கழற்றினேன். பார்வைக்கு ஒயர் நன்றாகத்தான் இருந்தது, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. லேசாக மடித்தேன், பாதி இழைகள் தூளாக உதிர்ந்தன. லக்குக்கு (ஒயர் நுனியில் இருக்கிற வளையம்) அடியில் கியர்பாக்ஸ் அலுமினியத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை மாவு. நகத்தால் சுரண்டினால் வருகிறது.

ஒயர்மேன்

செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அப்படித்தான் அரிக்கும். மலையில் வருடத்தில் பாதி நாள் மூடுபனி, பனித்தண்ணீர். டேப் சுற்றுவது ஈரத்தைத் தடுக்காது, உள்ளேயே பிடித்து வைக்கும். நான் பார்த்தவரை சமவெளி வண்டிகளில் இந்தக் கோளாறு அரிது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வண்டிகளில் மாதம் ஒன்றாவது வரும்.

புது ஒயர் 25 ஸ்கொயர் எம்எம் செம்பு போடுங்கள். லக்கை இடுக்கியால் நசுக்கிக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள், கிரிம்பிங் கருவியில் அழுத்தியதாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். உலோகத்தோடு உலோகம் படிய இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அப்புங்கள். முதலிலேயே அப்பி வைத்துவிட்டு இறுக்குகிறவர்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. டேப் வேண்டவே வேண்டாம். ஆக்ஸிலேட்டர் கேபிளையும் கடைசியாக ஒரு தடவை மாற்றுங்கள், இளகினது இளகினதுதான்.

கேத்திபாலாடா

ஊட்டியில் ஒரு பேட்டரிக் கடையில் செய்து தந்தார்கள், நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது செல்ஃப் சுற்றும்போது நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு 0.12. ஹெட்லைட்டோடு டைனமோவில் 14.1, பேட்டரியில் 13.9. கேபிளும் புதிது.

ஆனால் அந்த வூம் வூம் போகவில்லை. காலையில் இல்லை. சூடானதும் ஆரம்பிக்கிறது. முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகவே மூச்சு வாங்குகிறது.

கூடலூர்மழை

பேட்டரியைக் கழற்றி மாட்டினீர்கள் அல்லவா, ஈசியூ கற்றுவைத்த ஐடிலிங் அளவை மறந்திருக்கும். எதையும் போடாமல் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள், திரும்பக் கற்றுக்கொள்ளும்.

கேத்திபாலாடா

விட்டேன், இருபது நிமிடம். கற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

கொடைஜீப்

ஓபிடி கருவி (ஈசியூ பதிந்து வைத்த கோளாறைப் படிப்பது) மாட்டிப் பார்க்க முடியாதா?

ஒயர்மேன்

2008 வண்டியில் அந்தச் சின்ன புளூடூத் கருவி பெரும்பாலும் பேசாது ஐயா. ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் வேண்டும்.

சூடான பிறகு மட்டும் என்பதுதான் துப்பு. எங்கிருந்தோ ஈசியூவுக்குத் தெரியாமல் காற்று அதிகம் போகிறது. ரேஸ் ஏறுகிறது. "காலை வைக்கவில்லை, ஆனால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, அப்படியென்றால் வண்டி இறக்கத்தில் போகிறது போல" என்று ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. ரேஸ் விழுகிறது. விழுந்ததும் திரும்பப் பெட்ரோல். திரும்ப ஏற்றம். அதுதான் உங்கள் மூச்சு வாங்கல். குளிரில் வேகமான ஐடிலிங்கை ஈசியூவே அனுமதிக்கும், நிறுத்துகிற வரம்பும் மேலே இருக்கும், அதனால் காலையில் தெரியாது.

எர்த்தைச் சரிசெய்த பிறகு கூடியது ஏன் என்றால், முன்பு வண்டி மயக்கத்தில் இருந்தது, இப்போது தெம்பு வந்திருக்கிறது.

மேனிஃபோல்டிலிருந்து போகிற ஒவ்வொரு ஹோஸையும் வளைத்துப் பாருங்கள், அடிப்பக்கம் வெடித்திருக்கும். கூடலூர் தம்பி ஆரம்பத்தில் சொன்ன ரப்பர் விஷயம் இங்கேதான் வருகிறது.

தேயிலைத்தூள்

ஹோஸோடு இதையும் பாருங்கள். த்ராட்டில் பாடியில், கேபிள் இழுக்கிற வட்டத் தகடு முட்டி நிற்கிற இடத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். கம்பெனியில் அமைத்துப் பெயிண்ட் பொட்டு வைத்திருப்பார்கள். ஐடிலிங் இறங்குகிறது என்று போனால் அதைத் திருகிவிடுகிற கைகள் நிறைய. என் வேனில் செய்திருக்கிறார்கள்.

கேத்திபாலாடா

அக்கா, நீங்கள் எதிரே இருந்தால் ஒரு மூட்டை கேரட் தந்திருப்பேன்.

ஸ்குரூ இருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் பொட்டு. பொட்டின் பாதி ஸ்குரூவில், பாதி நட்டில், இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் உள்ளே திருகியிருக்கிறார்கள். கார்பரேட்டர் காலத்துக் கைப்பழக்கம் என்று நினைக்கிறேன்.

இப்போது கதை புரிகிறது. எர்த் போனது. விளக்கு போட்டால் ஐடிலிங் இறங்கியது. இறங்குகிறதே என்று யாரோ ஸ்குரூவைத் திருகி ஏற்றினார்கள். அதனால் சூடானதும் ஆட ஆரம்பித்தது. அது ஆடுகிறதே என்று இரண்டு தடவை த்ராட்டில் பாடியைக் கழுவி என்னிடம் காசு வாங்கினார்கள்.

பொட்டு பொட்டோடு சேரும்வரை திருப்பி வைத்தேன். பேட்டரியைக் கால் மணி நேரம் கழற்றி மாட்டி, பத்து நிமிடம் சும்மா விட்டேன். முதல் இரண்டு நிமிடம் திக்கித் திணறியது, பிறகு அடங்கிவிட்டது. ஹோஸ்களில் ஒன்றே ஒன்று, வால்வு கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போவது, அடியில் மயிரிழை வெடிப்பு. அதையும் மாற்றிவிட்டேன். பூஸ்டர் சோதனையில் பெடல் ஒழுங்காக இறங்குகிறது.

பழையடெப்போ

பனியில் கண்ணாடி வேர்க்கிறதென்றால் ஏசியைப் போடுங்கள். ஊட்டியில் ஏசியா என்று சிரிப்பார்கள், ஆனால் உள்ளே ஈரத்தை அதுதான் உறிஞ்சும். இத்தனை நாள் ஏசி சுமையைத் தாங்கியிருக்காது, இனி தாங்கும்.

கேத்திபாலாடா

நேற்று மேட்டுப்பாளையம் போய் வந்தேன். காட்டேரியிலிருந்து பனி, பத்தடி தெரியவில்லை. எல்லா விளக்கும், வைப்பரும், ஏசியும். போன வாரம் நின்றுபோன அதே வளைவில் வேண்டுமென்றே கிளட்சை மிதித்துப் பார்த்தேன். லேசாகத் தாழ்ந்து நின்றது, ஆஃப் ஆகவில்லை. ஒயர்மேன் கடைக்கு வந்து கேரட் தரலாம் என்று பார்த்தேன், முகவரி கேட்க மறந்துவிட்டேன்.

கூடலூர்மழை

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவின் ஆம்னியை அளந்தேன். நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு 0.9. கிளட்ச் கேபிள் போன மாதம்தான் மாற்றினோம்.

ஒயர்மேன்

பழைய கிளட்ச் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா, வைத்திருக்கிறீர்களா?